பேய்க்கு ஒரு பின்பக்க லேபிள்

ராத்திரி 11.45. சிவகாசியில் ஒரு வீட்டு மொட்டைமாடி அறை. மேசைமேல் இரண்டு கம்ப்யூட்டர் திரைகள். இடப்பக்கத் திரையில் ஒரு பூச்சட்டி டப்பாவின் பின்பக்கம், எறும்பு வரிசை போல ஒன்பது வரி. வலப்பக்கத் திரையில் அடுப்புக்கரி இருட்டு, நடுவில் வெள்ளை எழுத்தில் ஒரு பத்தி. இரண்டுமே எச்சரிக்கைதான். என்னைக் கையில் வைத்துக் கொளுத்தாதே என்கிறது இடப்பக்கம். எனக்குள்ளே சித்திரவதை இருக்கிறது, குழந்தைகளைத் துன்புறுத்துவது இருக்கிறது, பெண் என்பதற்காகவே ஒருத்தியை மட்டம் தட்டுவது இருக்கிறது, பார்த்து வா என்கிறது வலப்பக்கம்.

“எதை முதல்ல முடிக்க மாப்ள?” என்றான் அத்தை மகன்.

அவனுக்குக் காலை ஏழு மணிக்குள் டப்பாவின் ஃபைல் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். எனக்கு அதற்குள் பேயைப் பார்த்தாக வேண்டும். முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டேன். பலிக்கவில்லை. மனுஷன் இடப்பக்கம் திரும்பி, ஒன்பதாவது வரியில் விழுந்துபோயிருந்த ஒரு மெய்ப்புள்ளியைத் தேட ஆரம்பித்துவிட்டான்.

கதையைக் கொஞ்சம் பின்னால் இழுக்கிறேன். 2025 அக்டோபர் முதல் வாரம். அந்த வருஷம் தீபாவளி 20ஆம் தேதி. பட்டாசு வாங்கத்தான் கிளம்பினேன். விருதுநகரில் இறங்கி எண்ணெய் புரோட்டா நாலைப் பிய்த்துச் சால்னாவில் முக்கி உள்ளே தள்ளிவிட்டு பஸ் பிடித்தால், சிவகாசி வருவதற்கு முன்பே ரோட்டின் இருபக்கமும் பட்டாசுக் கடைகள். கலர் கலராகப் பேனர், “வாங்க அண்ணாச்சி, உள்ள வந்து பாருங்க அண்ணாச்சி” என்று ஆள் வைத்துக் கூப்பிடுகிறார்கள். அத்தை வீட்டுக்குப் போனால் மச்சான் வாசலிலேயே காத்திருந்தான். “கேம் இறக்கி வச்சு அஞ்சு நாளாச்சு. நீ வர்ற வரைக்கும் தொடலை.” அப்பேர்ப்பட்ட நட்பு.

கேமின் பெயர் ‘சைலன்ட் ஹில் எஃப்’. கொனாமி நிறுவனத்தின் வெளியீடு, செப்டம்பர் 25ஆம் தேதிதான் வந்திருந்தது. 1960களின் ஜப்பான். ஹினாகோ என்று ஒரு பள்ளிக்கூடப் பெண். ஊரை மூடும் பனிமூட்டம், அதற்குள் சிவப்புச் சிவப்பாகப் பூத்து மனுஷ உடம்பிலேயே வேர் பிடிக்கும் பூக்கள். 1999இல் தொடங்கிய இந்த வரிசையில் எத்தனையோ பாகம் வந்துவிட்டது. ஜப்பானில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் என்று முத்திரை குத்தப்பட்ட முதல் பாகம் இதுதான். நேரு வாயால் குட்டி ஜப்பான் என்று பெயர் வாங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் ஊரில் உட்கார்ந்து பெரிய ஜப்பானின் எச்சரிக்கையைப் படிக்கப் போகிறோம்! எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

ஆனால் மச்சான் ஒரு நிபந்தனை போட்டான். “நாளைக்குப் பகல்ல என் எச்சரிக்கையைப் பாரு. ராத்திரி அவுங்க எச்சரிக்கையைப் பார்ப்போம்.”

அவன் வேலை அது. பட்டாசு டப்பாவுக்கு முகம் வரைகிற வேலை. அச்சகத்துக்கு டிசைன் செய்து கொடுக்கிறான். முன்பக்கத்தில் கொழுகொழு குழந்தை, புலி, மயில், தாமரைமேல் அம்மன், எந்த நடிகை என்று சொல்ல முடியாதபடி இரண்டு நடிகைகளைக் கலந்த ஒரு முகம். வீட்டில் நாம் பார்ப்பது முன்பக்கத்தை மட்டும்தான். பின்பக்கத்தை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்? நான் பார்த்ததில்லை. இப்போது சொல்கிறேன், தீப்பெட்டியைக் கீழே வையுங்கள், டப்பாவைத் திருப்புங்கள். நாடகமே அங்கேதான் நடக்கிறது.

மறுநாள் காலை அச்சகம். உள்ளே கால் வைத்ததும் மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை மூக்கில் ஏறுகிறது. சீசன் காலண்டர் சீசன். ஆடிப்பெருக்கன்று புது ஆல்பம் போட்டுப் பூசை வைத்தால், அதிலிருந்து பொங்கல் வரை இந்த ஊர் மெஷின்களுக்கு ஓய்வு கிடையாது. அத்தனை முருகன்களுக்கும் பிள்ளையார்களுக்கும் நடுவே, கடைசி நேரத்தில் வந்த பட்டாசு லேபிள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய ஷீட்டில் டஜன் கணக்கில் டப்பாக்கள், விரித்துப்போட்ட அட்டைப்பெட்டி மாதிரி. நாலு வண்ணம் நாலு பிளேட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது. “இது ஜப்பான்காரி” என்று மெஷினைத் தட்டிக் காட்டினார் ஓட்டுகிற அண்ணாச்சி. கொமோரி. அடடா, இதுவுமா!

அண்ணாச்சி கண்ணில் லென்ஸை வைத்து ஷீட்டின் மூலையைப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். வெறும் கண்ணுக்கு ரத்தச் சிவப்பாகத் தெரிந்த பின்னணி, லென்ஸுக்கு அடியில் மஞ்சள் புள்ளியும் மெஜந்தா புள்ளியுமாகக் கலைந்துபோனது. அதன் நடுவே வெள்ளை எழுத்து. இந்த நாலு வண்ணத்தில் வெள்ளை மை கிடையாது. சுற்றிலும் சிவப்பை அடித்து, எழுத்து இருக்கும் இடத்தை மட்டும் காகிதமாகவே விட்டுவிடுகிறார்கள். அதற்கு ‘ரிவர்ஸ்’ என்று பெயர். நாலு பிளேட்டில் ஒன்று முடி அளவு நகர்ந்தாலும் அந்த வெற்றிடம் அடைபட்டுவிடும். அடைபட்டால் முதலில் சாவது எது?

“புள்ளி” என்றார் அண்ணாச்சி.

தமிழ் எழுத்தின் தலையில் உட்கார்ந்திருக்கிறதே, அந்தப் புள்ளி! ஐந்து பாயிண்ட் அளவில் அது கடுகைவிடச் சின்னது. இங்கிலீஷில் கையில் பிடிக்காதே என்பதை நாலைந்து குட்டைச் சொல்லில் முடித்துவிடலாம். தமிழில் ‘கையில் பிடித்துக் கொளுத்தாதீர்கள்’ என்று எழுதினால் டப்பாவின் ஒரு பக்கமே நிரம்பிவிடுகிறது. இந்திக்கும் இடம் விட வேண்டும். அதனால் எழுத்தைச் சுருக்கு, இன்னும் சுருக்கு என்று சுருக்கி, கடைசியில் புள்ளியைக் காவு கொடுக்கிறார்கள். ‘கொளுத்தாதீர்கள்’ என்பதில் ‘தாதீ’ அடைபட்டுப்போனால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். மச்சானுக்கு அந்தக் கனவு அடிக்கடி வருமாம். லட்சம் டப்பாவும் கையில் வைத்தே கொளுத்துங்கள் என்று கூவுகிற மாதிரி.

அந்த ஒன்பது வரியில் என்னென்ன இருக்கும்? ஆலையின் பெயர், விலை, எத்தனை உருப்படி, தயாரித்த மாதம். அப்புறம் கட்டளைகள். திறந்தவெளியில் மட்டும். பெரியவர்கள் பக்கத்தில் இருக்க. குனிந்து பார்க்காமல், நீளமான ஊதுபத்தியால். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். 2018 அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்டதற்குப் பிறகு, பசுமைப் பட்டாசு என்பதற்கான பச்சை முத்திரையும் கியூஆர் கட்டமும் வந்து குடியேறின. நாக்பூரில் இருக்கும் நீரி ஆய்வகத்தின் ஏற்பாடு அது. இவற்றுக்கெல்லாம் நடுவில் என் கண்ணில் பட்டு என்னைத் துள்ளவைத்தது ஒரு எண். 125 டெசிபல், 4 மீட்டர்.

1999இல் மத்திய அரசு கொண்டுவந்த விதி. வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி நின்று அளந்தால், சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. பின்னால் தடையான சரவெடிக்கும் அந்த விதியில் தனிக் கணக்கு. சரத்தில் எத்தனை வெடியோ, அந்த எண்ணுக்குப் பத்தடிமான லாகரிதம் எடுத்து, ஐந்தால் பெருக்கி, வருவதை ஒவ்வொரு வெடியின் வரம்பிலிருந்தும் கழிக்க வேண்டும். ஆயிரம் வாலாவுக்கு 15 டெசிபல் குறைப்பு. பத்தாங்கிளாஸில் லாகரிதப் புத்தகத்தை வெறுத்தவன் நான். அது பட்டாசுக்குள் ஒளிந்திருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து படித்திருப்பேன்!

சத்தம் எவ்வளவு என்று மட்டும் சொன்னால் பாதி வேலை. எங்கே நின்று கேட்கும்போது என்றும் சொல்கிறது பாருங்கள், அதுதான் விஷயம். இதை மனதில் முடிந்துவைத்துக்கொண்டு ராத்திரிக்கு வருகிறேன்.

புள்ளியைக் கண்டுபிடித்து ஃபைலை அனுப்பிவிட்டு மச்சான் வலப்பக்கத் திரைக்குத் திரும்பியபோது மணி 12.20. கருப்புத் திரையில் அந்தப் பத்தி பொறுமையாக நின்றுகொண்டிருந்தது. பாலினப் பாகுபாடு, குழந்தைகள்மீதான வன்கொடுமை, துன்புறுத்திக் கேலி செய்வது, மருந்தின் போதையில் வரும் பிரமை, சித்திரவதை, அப்பட்டமான வன்முறை. பெரிய பட்டியல். கதை நடப்பது 1960களில், காட்டுவது அந்தக் காலத்து வழக்கங்களை, இவை எங்கள் கருத்து அல்ல என்று ஒரு கும்பிடு. விளையாடும்போது மனசுக்கு ஒப்பவில்லை என்றால் இடைவெளி விடு, நம்பிக்கையானவரிடம் பேசு என்று ஒரு தட்டிக்கொடுப்பு.

பழைய கேம்களோடு ஒப்பிட்டால் இது தலபுராணம். 1996இல் வந்த ‘ரெசிடென்ட் ஈவில்’ ஒரே வரியில் முடித்துக்கொண்டது: கொடூரமும் ரத்தமும் உண்டு. 1999இன் முதல் ‘சைலன்ட் ஹில்’லும் ஒரு வரிதான். சின்ன வயதில் ஒரு பிரவுசிங் சென்டரில் அந்த ஒரு வரியைப் பார்த்ததுமே எனக்குக் காதுமடல் சூடானது. அந்த வரி பயத்தைத் தடுக்க வந்ததா, ஊட்ட வந்ததா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. நம்மூர்ப் பேய்ப்பட போஸ்டரில் கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் வரவேண்டாம் என்று போட்டால், கொட்டகையில் முதல் ஆளாகப் போய் நிற்பது யார்? நாம்தான்.

1951இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘மர்மயோகி’க்குப் பேய்க் காட்சிகளுக்காக ‘ஏ’ சான்றிதழ் கொடுத்தார்கள். தமிழில் அப்படிச் சான்று வாங்கிய முதல் படம். இன்று அதை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் பேரன் பேத்தியோடு பார்க்கிறோம். நேற்றைய திகில் இன்றைக்கு வடகம் காயவைக்கும்போது போட்டுவைக்கிற படம்.

கேம் உலகத்தில் இந்த முத்திரைக் கதை 1993இல் சூடு பிடித்தது. ‘மார்ட்டல் காம்பட்’டில் ஒருவன் இன்னொருவனின் முதுகெலும்போடு தலையைப் பிடுங்குவதைப் பார்த்து அமெரிக்க செனட்டில் விசாரணை வைத்தார்கள். மறு வருஷமே அந்தத் தொழில்காரர்கள் தாங்களாகவே ஒரு தர அமைப்பை உண்டாக்கிக்கொண்டார்கள். ஐரோப்பாவில் 2003இல் வந்த முறையில் எனக்குப் பிடித்தது படங்கள். வன்முறைக்கு மடக்கிய முஷ்டி. பயத்துக்கு ஒரு சிலந்தி! படமே பேசிவிடுகிறது, புள்ளி விழுகிற கவலை இல்லை. மச்சானுக்கு இதைக் காட்டியபோது பொறாமையில் பெருமூச்சு விட்டான்.

சிலந்தி என்றதும் இன்னொன்று. ‘கிரவுண்டட்’ என்று 2020இல் ஒரு கேம். எறும்பளவு சுருங்கிய பிள்ளைகள் புல்தரைக்குள் மாட்டிக்கொள்கிற கதை. அதில் சிலந்தி வரும், ஆனை சைஸில். சிலந்தி என்றால் அலறுகிறவர்களுக்காக ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். திருகத் திருகச் சிலந்திக்குக் கால் குறைகிறது. கடைசி வரை திருகினால் கால் ஒன்றுமே இல்லாமல், வெறும் உருண்டை ஒன்று மிதந்து வந்து உங்களைக் கடிக்கிறது! முழு ராத்திரியில் நான் அதிகம் சிரித்தது இதற்குத்தான். பயமும் போகக் கூடாது, கேமும் நிற்கக் கூடாது. சத்தமில்லாத வெடி செய்வது போல ஒரு வேலை, செய்தும் விட்டார்கள்.

முன்பக்கம் குழந்தை, பின்பக்கம் எச்சரிக்கை என்ற சிவகாசிச் சூத்திரத்தை அப்படியே எடுத்தாண்ட கேமும் உண்டு. ‘டோக்கி டோக்கி லிட்ரேச்சர் கிளப்’, 2017. பார்த்தால் ரிப்பன் கட்டின பள்ளிக்கூடப் பெண்கள், கவிதை மன்றம், இளஞ்சிவப்புப் பின்னணி. தொடங்கும்போது மட்டும், சிறுவர்களுக்கும் சட்டென்று மனம் கலங்குகிறவர்களுக்கும் இது ஏற்றதல்ல என்று ஒரு வரி. போகப்போக நடப்பதை நான் சொல்ல மாட்டேன். 2021இல் வந்த புதுப் பதிப்பில், வேண்டுமென்றால் பயங்கரக் காட்சிகளுக்கு முன்னால் தனித்தனியாக எச்சரிக்கை வரும்படி வைத்துக்கொள்ளலாம், ஆனால் கதையின் முடிச்சு அவிழ்ந்துவிடும், பரவாயில்லையா என்று கேட்கிறார்கள். பத்திரமா, ஆச்சரியமா? நீயே எடுத்துக்கொள். எனக்கு இது நேர்மையாகப் படுகிறது.

நேர்மையில்லாத எச்சரிக்கைக்கும் உதாரணம் இருக்கிறது, அதுவும் அபாரமானது. அதே 2017இல் ‘ஹெல்பிளேடு’. மனநோயால் காதில் குரல்கள் கேட்கும் செனுவா என்ற பெண்ணின் பயணம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மனநல மருத்துவர் பால் ஃப்ளெட்சரையும், அந்த அனுபவம் உள்ளவர்களையும் கூட வைத்துக்கொண்டு செய்தார்கள். தொடக்கத்தில் அக்கறையான எச்சரிக்கை, உதவிக்கு எங்கே போவது என்ற விவரம், எல்லாம் ஒழுங்கு. உள்ளே போனதும் இன்னொன்று சொல்கிறது: நீ தோற்கத் தோற்க அவள் கையில் ஒரு கருமை ஏறும், தலையைத் தொட்டால் இதுவரை ஆடியதெல்லாம் அழியும். ஆடுகிறவர்கள் நடுங்கிக்கொண்டே ஆடினார்கள். அப்புறம் சிலர் வேண்டுமென்றே தோற்றுத் தோற்றுப் பார்த்தார்கள். ஒன்றும் அழியவில்லை! புஸ்! நமுத்த வெடி. ஆனால் அது நமுத்தது என்று தெரிகிறவரை அதன் பக்கத்தில் போக யாருக்குத் தைரியம் வந்தது?

“நம்ம ஊர்ல இதெல்லாம் யாரு போடுறா?” என்றான் மச்சான். யோசித்துப் பார்த்தோம். பிஜிஎம்ஐ போடுகிறது. 2020 செப்டம்பரில் பப்ஜி தடையானதற்குப் பிறகு, அடுத்த ஜூலையில் இந்தியாவுக்கென்றே செய்து அனுப்பிய கேம் அது. ரத்தம் பச்சை நிறம். இது நிஜ உலகம் இல்லை, கற்பனை உலகம் என்று குரலிலேயே ஒரு அறிவிப்பு. 18 வயதுக்குள் இருந்தால் நாளுக்கு மூன்று மணி நேரம்தான். திருத்தங்கல் பக்கம் டீக்கடை பெஞ்சில் நாலு பையன்கள் பச்சை ரத்தத்தைச் சிந்திக்கொண்டே ‘சுட்றா, சுட்றா’ என்று கத்துவதைப் பார்த்திருக்கிறேன். கீரை மசியல் தெறித்த மாதிரி இருக்கும். தமிழ்நாடு அரசும் 2025 பிப்ரவரியில் ஒரு விதி போட்டது: பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை, ஒரு மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து ஆடினால் அரை மணிக்கு ஒருமுறை எச்சரிக்கை. சென்னை உயர் நீதிமன்றமும் ஜூனில் சரி என்றது. ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்தாடும் ஆட்டத்தையே மூட்டைகட்டிவிட்டது. ரம்மிக்குத்தான் நேரம் காலமெல்லாம். பேய்க்கு எந்த அரசாணையும் இல்லை. பேய் ராத்திரி 12 மணிக்கு மேலேயும் வரலாம்.

மணி 12.50. இன்னும் நாங்கள் கேமுக்குள் போகவில்லை என்பதைக் கவனித்தீர்களா? எச்சரிக்கைத் திரையிலேயே நிற்கிறோம்.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. கோரல் டிராவைத் திறந்தான். “இந்தப் பேய்க்கு நம்ம ஸ்டைல்ல ஒரு லேபிள் அடிப்போம் மாப்ள.”

அந்த அரை மணி நேர சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! முன்பக்கத்துக்கு அவனுக்கு நொடிகூட ஆகவில்லை. பனிமூட்டம், சிவப்புப் பூ, மூலையில் மஞ்சள் நட்சத்திர வெடிப்புக்குள் ‘புதியது’. பின்பக்கத்துக்கு வந்ததும் இரண்டு பேரும் மல்லுக்கட்டினோம். என் போனில் தட்டிய தமிழை ஒட்டினால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வந்து விழுந்தது. அவனுடைய எழுத்துரு பழைய காலத்தது, யூனிகோடு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். “பேய் அடிச்சிருச்சு” என்றான். திரும்பக் கையால் அடித்தோம்.

இங்கிலீஷில் அந்தத் திரை பூசி மெழுகிச் சொல்வதைத் தமிழில் எப்படி எழுதுவது? ‘மனதைப் பாதிக்கும் காட்சிகள்’ என்றேன். “நியூஸ்ல வர்ற மாதிரி இருக்கு.” ‘இளகிய மனம் படைத்தவர்கள் தவிர்க்கவும்.’ “அது வாட்ஸ்அப்ல கோழி முட்டை போடுற வீடியோவுக்குக்கூடப் போடுறாங்க.” ‘மனம் பதறும்.’ இது கொஞ்சம் நின்றது. ‘வயிற்றைக் கலக்கும்’ என்பதை அவன் முன்மொழிந்தான், நான் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் டப்பா வாசகத்தையே திருப்பிப் போட்டோம். தனி அறையில் கொளுத்தாதீர்கள். முகத்தை அருகே கொண்டுபோய்ப் பார்க்காதீர்கள். பெரியவர்கள் பக்கத்தில் இருக்க விளையாடவும். அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி கையில் எடுக்காதீர்கள். கடைசி வரியைத் தட்டிவிட்டு அவனே உடம்பைச் சிலிர்த்துக்கொண்டான். பேய்க்கு இதைவிடப் பொருத்தமாக யார் எழுத முடியும்?

ஒன்றும் தெரியாமல் படித்தால் நம்மைக் காப்பாற்றத்தான் இதெல்லாம் என்று தோன்றும். ஆராய்ச்சிக்காரர்கள் வேறு சொல்கிறார்கள். விக்டோரியா பிரிட்ஜ்லண்டும் கூட்டாளிகளும் இப்படிப்பட்ட உள்ளடக்க எச்சரிக்கைகளைப் பற்றிய பல சோதனைகளைத் தொகுத்து 2023இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எச்சரிக்கை படித்ததால் யாருக்கும் பாதிப்பு குறையவில்லை. படித்துவிட்டுப் பெரிதாக யாரும் விலகிப்போகவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கூடியது. காட்சி வருவதற்கு முந்தைய படபடப்பு. எனக்குச் சட்டென்று ஊதுபத்தி முனை ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் பட்டாசுத் திரி 3 நொடிக்குக் குறையாமலும் 9 நொடிக்கு மிகாமலும் எரிய வேண்டும் என்று விதியே இருக்கிறது. தீபாவளியின் மொத்த ருசியும் அந்தச் சில நொடிக்குள் அடங்கியிருக்கிறதா இல்லையா? திரியைக் கிள்ளி, பற்றவைத்து, திரும்பி ஓடி, காதைப் பொத்தி, ஒரு கண்ணை மட்டும் திறந்து... கருப்புத் திரையில் வெள்ளைப் பத்தி நிற்கிற நேரமும் அதுதான்.

“இன்னும் தூங்கலியாய்யா?”

அத்தை. கையில் சாத்தூர் சேவு நிறைந்த தூக்குவாளி. எங்கள் கூச்சலில் எழுந்து மாடியேறி வந்துவிட்டது. அத்தை 22 வருஷம் பட்டாசு ஆலைக்குப் போனது. சரம் பின்னுவது, திரி வைப்பது. விரல் ரேகையில் பழைய வெள்ளிச்சாயம் போகவே போகாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இப்போது போய்விட்டது.

மச்சான் பெருமையாக லேபிளைக் காட்டினான். அத்தை கண்ணாடி போடாமல் தள்ளி நின்று எழுத்துக்கூட்டிப் படித்தது. சிரிக்கவில்லை.

“ஆள் எத்தனை, மருந்து எத்தனைன்னு போடலியே?”

எங்களுக்குப் புரியவில்லை. அத்தை சேவை வாயில் போட்டபடி சொன்னது. ஆலையில் ஒவ்வொரு அறைக்கும் வாசலில் எழுதியிருக்கும். உள்ளே இத்தனை ஆள்தான், இத்தனை கிலோ மருந்துதான். நாலு ஆள் என்றால் ஐந்தாவது ஆள் வாசலில் நின்று பேசிவிட்டுத்தான் போகணும். காலையில் வந்ததும் செல்போனைக் கொடுத்துவிட்டு, தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கிற கரண்ட்டை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கணும். நைலான் சேலை கூடாது. ‘அபாயம்’ என்று சிவப்பில் எழுதியதை யாரும் ரெண்டாவது நாள் படிப்பதில்லை, அது சுவரோடு சுவராகப் போய்விடும். “நம்பர் போட்டா எண்ணிப் பாக்கணும்லா? எண்ணுறப்போ கண்ணு முழிச்சுக்கும்.”

கொஞ்ச நேரம் சேவு கடிக்கிற சத்தம் மட்டும்.

“முதலிப்பட்டியில அன்னைக்குப் போனவுகள்ல எத்தனை பேரு உள்ள வேலை பாத்தவுக?” என்றது அத்தை. 2012 செப்டம்பர் 5, அங்கே பட்டாசு ஆலை வெடித்த நாள். செத்தது ஏறத்தாழ 40 பேர். முதலில் பிடித்த தீயைப் பார்த்து, உதவலாம் என்று ஓடிப்போன சுற்றுவட்டாரத்து ஜனம் பலர் அதில். “எம்புட்டு தள்ளி நிக்கணும்னு அவுகளுக்கு யாரு சொன்னா?”

மச்சான் மௌஸில் கை வைத்தபடி இருந்தான். நான் வலப்பக்கத் திரையை மறுபடி படித்தேன். சித்திரவதை இருக்கிறது என்கிறது. எவ்வளவு என்று சொல்லவில்லை. எத்தனையாவது மணி நேரத்தில் என்று சொல்லவில்லை. இடைவெளி விடு என்கிறது. எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை? நம்பிக்கையானவரிடம் பேசு என்கிறது. எத்தனை பேர் கூட இருந்தால் நல்லது? எல்லாம் முன்பக்கக் குழந்தை மாதிரி, மொத்தையாக. காலையில் நான் துள்ளிய அந்த 4 மீட்டர் இந்தத் திரையில் எங்கேயும் இல்லை.

“போடு” என்றேன்.

மச்சான் பத்தாவது வரி சேர்த்தான். ஆட்கள்: 2. அளவு: ஒரு வேளைக்கு 1 மணி நேரம். தூரம்: திரையிலிருந்து 6 அடி. எழுத்து எட்டு பாயிண்ட், சிவப்பின்மேல் கருப்பு, ரிவர்ஸ் கிடையாது, புள்ளி விழ வழியே இல்லை. வீட்டுப் பிரிண்டரில் ஒன்று எடுத்து, டேப் போட்டுக் கதவின் வெளிப்பக்கம் ஒட்டினான். அத்தை தன் விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தது, திரி நன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

மணி 1.25. பட்டனை அழுத்தினோம். பனி இறங்கியது. ஹினாகோ வீட்டைவிட்டு வெளியே ஓடினாள். நான் தலையணையைக் கட்டிக்கொண்டேன். அத்தை கீழே போகும் என்று பார்த்தால், சேவுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டது.

“பொகை நல்லா இருக்குய்யா. மருந்து வாசந்தான் இல்ல.”

மச்சான் கேமை நிறுத்தினான். எழுந்து போய்க் கதவில் இருந்த 2ஐ பேனாவால் அடித்து 3 என்று எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தான்.